நாடக வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை

"எல்லாரும் ஆளுக்கொரு நாடகம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுப்பதிலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. மறுநாள் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: ஏழு காட்சிகள், பத்து ஆண்டுகள், ஒரு விபத்து, இடையிடையே ஒரு கதைசொல்லி, கடைசியில் எல்லாரும் திருந்திவிடுவார்கள். பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் அதுவரை கதையும் கட்டுரையும்தான் எழுதியிருக்கிறார்கள். அதனால் கதையையே எழுதி, பெயருக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி வைத்துக் கொடுக்கிறார்கள்.

முதலில் பேசிப் பார்க்கட்டும், பிறகு எழுதட்டும். இருவர் இருவராகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுங்கள். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. அக்காவின் சீட்டில்: "சைக்கிள் சாவி உனக்கு உடனே வேண்டும். எதற்கு என்று சொல்லக் கூடாது." தம்பியின் சீட்டில்: "சாவியைத் தொலைத்துவிட்டாய். அது அவளுக்குத் தெரியக் கூடாது." இரண்டு நிமிடம் பேசட்டும். முடிந்த கையோடு, சூடு ஆறுவதற்குள், பத்து நிமிடத்தில் பேசியதை எழுதட்டும். எல்லா ஜோடிகளும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். வகுப்பு சந்தைக்கடைதான், பரவாயில்லை. ஜோடி ஜோடியாக முன்னால் அழைத்தால் கூச்சப்படும் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள்; நாற்பது பேர் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

இதிலும் ஒரு சிக்கல் வரும். "கொடு", "மாட்டேன்", "கொடு", "மாட்டேன்" என்று சுற்றிச் சுற்றி, கடைசியில் கைகலப்பில் முடியும். சொல்வதற்கு ஒன்றுமில்லாதபோதுதான் கை நீள்கிறது. இரண்டு விதிகள் போதும். ஒருவரையொருவர் தொடக் கூடாது. மூன்றாவது முறை மறுத்துவிட்டால் கேட்கும் வழியை மாற்றியாக வேண்டும்: கெஞ்சலாம், புகழலாம், பேரம் பேசலாம், அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டலாம். கத்தி, துப்பாக்கி, சாவு மூன்றையும் முதல் பருவம் முழுக்கத் தடைசெய்துவிடுங்கள். கற்பனைக்குத் தடை போடலாமா என்று சிலர் கேட்பார்கள். ஆனால் இந்த வயதில், சாவு என்ற சுலபமான முடிவை விலக்கிவிட்ட பிறகுதான் கற்பனை வேலை செய்யத் தொடங்குகிறது.

எழுதும்போது வரும் பெரிய தவறு பெரும்பாலும் ஆசிரியருடையது. பேச்சுத்தமிழைச் சிவப்பு மையால் வட்டமிடுவது. "வந்துட்டிருக்கேன்" என்று எழுதிய பிள்ளைக்கு "வந்துகொண்டிருக்கிறேன்" என்று திருத்திக் கொடுத்தால், அடுத்த முறை தம்பி அக்காவிடம் "நான் மிகவும் வருத்தமாக இருக்கிறேன்" என்பான். மேடையில் அதைக் கேட்டு யாரும் நம்ப மாட்டார்கள். காட்சிக் குறிப்பு எழுத்துத்தமிழில், வசனம் பேச்சுத்தமிழில் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். திருத்த வேண்டியது ஒன்றுதான்: ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் "போறேன்" என்றும் அடுத்த பக்கத்தில் "போரேன்" என்றும் எழுதக் கூடாது.

பாட்டியும் பேரனும் ஒரே மாதிரி பேசுகிறார்களா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. பெயர்களை ஒரு தாளால் மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். யார் பேசுகிறார்கள் என்று கேட்பவர்களால் சொல்ல முடியாவிட்டால் திருத்தி எழுத வேண்டியதுதான்.

காட்சிக் குறிப்பில் கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டுமே இருக்கலாம். "தன் பழைய நாட்களை நினைத்துப் பார்க்கிறான்" என்பதை எப்படி நடிப்பது? "போட்டோவைக் கவிழ்த்து வைக்கிறான்" என்றால் நடிக்கலாம். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் (கோபமாக), (சோகமாக) என்று அடைப்புக்குறி போடும் பழக்கத்தையும் பக்கத்துக்கு இரண்டு என்று குறையுங்கள். கோபம் வசனத்திலேயே இல்லையென்றால் அடைப்புக்குறி காப்பாற்றாது.

முதல் நாடகத்துக்கு இரண்டு பாத்திரம், ஒரே இடம், காலத் தாவல் இல்லை, மூன்று நிமிடம். நீளத்தைப் பக்கக் கணக்கில் சொல்லாதீர்கள். ஒவ்வொருவர் கையெழுத்தும் ஒவ்வோர் அளவு. சத்தமாகப் படித்துக் கடிகாரத்தில் பார்க்கட்டும். எழுதியதில் முதல் ஐந்து வரியை அடித்துப் பாருங்கள். "வா, எப்படி இருக்கே?", "நல்லா இருக்கேன், நீ?" என்ற நலவிசாரிப்புதான் பெரும்பாலும் அங்கே இருக்கும், போனால் நட்டமில்லை. கடைசியில் வரும் அறிவுரை வசனத்துக்கும் இதே கதிதான்.

முதல் முறை படிக்கும்போது எழுதியவர் நடிக்கக் கூடாது. தாளில் இல்லாததையும் அவர் தன் நினைவிலிருந்து இட்டு நிரப்பிவிடுவார். வேறு இருவர் முன்தயாரிப்பின்றிப் படிக்க, எழுதியவர் வாய்திறக்காமல் கேட்க வேண்டும். எந்த இடத்தில் படிப்பவர் தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் ஒரு கோடு.

நடிக்க வைக்கும்போது "இன்னும் கோபமாச் சொல்லு" என்றால் பிள்ளை கத்தத்தான் செய்யும். பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. பன்னிரண்டு வயதுக்கும் அது பொருந்துகிறது. "அவனை அறையை விட்டு வெளியே அனுப்பப் பார்" என்று செயலாகச் சொல்லுங்கள், கோபம் தானே வரும். நீங்களே நடித்துக் காட்டாதீர்கள். காட்டினால் உங்கள் குரலின் நகல்தான் கிடைக்கும்.

வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டு வரச் சொல்வதும் வேண்டாம். உட்கார்ந்து உருப்போட்டால் செய்யுள் ஒப்பிக்கும் ராகம் ஒட்டிக்கொள்ளும், பிறகு போகாது. தாளைக் கையில் வைத்துக்கொண்டே நடந்து பழகட்டும். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று முடிவானபின் வசனம் பாதி தானாக மனத்தில் நின்றிருக்கும்.

"சத்தமா" என்பதும் பயனற்ற கட்டளை. கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, கேட்காதபோது கை தூக்கச் சொல்லுங்கள். அவர் கை பெரும்பாலும் வாக்கிய முடிவில்தான் உயரும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "நான் உன்கூட வரமாட்டேன்" என்பதில் குரல் இறங்கிவிட்டால் வருகிறானா இல்லையா என்பதே தெரியாமல் போகும்.

குழுவில் நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஆறு பேர் இருந்தால் இருவர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் உடை பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒப்பனை, உடை எல்லாம் கடைசி வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். நடிக்க விரும்பாத பிள்ளையை மரமாக நிறுத்தாதீர்கள். வசனம் எடுத்துக்கொடுப்பது, ஒலி எழுப்புவது என்று அவர் இல்லாவிட்டால் நாடகமே நின்றுபோகும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்.

பார்த்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். யாருக்கு என்ன வேண்டியிருந்தது, எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். மதிப்பெண்ணை மேடைத் துணிச்சலுக்கு மட்டும் கொடுத்தால் எப்போதும் அதே நாலு பேர்தான் வாங்குவார்கள். முதல் வரைவையும் திருத்திய வரைவையும் சேர்த்தே வாங்கி, இரண்டுக்கும் நடுவில் நடந்த மாற்றத்துக்குப் பாதி மதிப்பெண் ஒதுக்குங்கள். முதல் வரைவைக் கிழித்துப் போடக் கூடாது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.