விவாகரத்து வழக்கு நடக்கும்போது போனில் செய்யக்கூடாத தவறுகள்

சேலம் குடும்ப நல நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்கு வருகிறவர்களுக்கு, எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் என்ன கேட்பாரோ என்ற பயம்தான் பெரிதாக இருக்கும். முந்தின நாள் வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நினைவுக்கே வராது. மாட்டிவிடுவது பெரும்பாலும் அதுதான்.

முக்கியமாக ஜீவனாம்சத்தில். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், 'ஆர்டர் இல்லை, கையில் ஒன்றும் நிற்பதில்லை' என்று எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஞாயிறு நண்பர்களோடு ஏற்காடு. 20-ஆவது கொண்டை ஊசி வளைவில் புது பைக்கோடு ஒரு போட்டோ, அப்புறம் ரிசார்ட் பால்கனியில் இன்னொன்று. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதற்குள் மனைவியின் அத்தை மகன் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பான். பைக் நண்பனுடையது, ரிசார்ட் காசும் அவன் கொடுத்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். குறுக்கு விசாரணையில் அதை விளக்கும் பாடு இவருக்குத்தான். வேலை இல்லை என்று மனுவில் சொல்லிவிட்டு இன்ஸ்டாகிராமில் புடவை விற்கும் பெண்ணுக்கும் இதே கதிதான்.

'அவரைத்தான் பிளாக் பண்ணிட்டேனே' என்பார்கள். சரி, இரு வீட்டுக்கும் வேண்டிய சொந்தக்காரர்களை என்ன செய்வீர்கள்?

ஸ்கிரீன்ஷாட் எல்லாம் செல்லாது என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, சாட்சியச் சட்டப்படி ஏற்க முடியாததைக்கூட, வழக்கைத் தீர்க்க உதவும் என்று கருதினால் நீதிபதி ஏற்க இடம் தருகிறது. கணவனோ மனைவியோ மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த போன் பேச்சையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராத்திரி 11 மணிக்குக் கோபத்தில் அனுப்பும் வாய்ஸ் நோட்டும் அந்தக் கணக்கில்தான் வரும்.

மாமியாரையும் நாத்தனாரையும் பேர் சொல்லித் திட்டி ஃபேஸ்புக்கில் எழுதினால், அதையே மனக்கொடுமை என்று உங்கள் மேல் திருப்புவார்கள். பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனு போட்டபின் பொதுவாக 6 மாதம் காத்திருக்க வேண்டும். கடைசி வரை இருவரின் சம்மதமும் நிற்க வேண்டும். ஒரே ஒரு பதிவால் எதிர்த்தரப்பு மனம் மாறிவிட்டால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

போட்டுத் தொலைத்துவிட்டீர்களா? பதறி அழிக்காதீர்கள். முதலில் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். சாட்சியத்தை மறைக்க அழித்தது என்று வந்தால் அது தனி வம்பு.

துணையின் பாஸ்வேர்டு தெரியும் என்று அவர் கணக்கைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்கள் பாஸ்வேர்டுகளை இன்றே மாற்றுங்கள். அந்த வீட்டில் விட்டு வந்த பழைய போனிலும் டிவியிலும் உங்கள் கூகுள் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கலாம், அவற்றிலிருந்தும் வெளியேறிவிடுங்கள்.