கன்று நடுவதற்கு முன்: கோடியக்கரையிலும் முத்துப்பேட்டையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது. அதையும் முத்துப்பேட்டைக் கழிமுகத்தையும் உள்ளடக்கிய ஈரநிலம் 2002-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மழைக்காலம் தொடங்கியதும் கன்றுகளோடு அங்கே போகும் ஆர்வலர்கள் பலரும் செய்யும் முதல் தவறு, நீரோட்டத்தையும் மண்ணையும் பாராமல் மரத்திலிருந்து வேலையைத் தொடங்குவதுதான்.

கடலோர உவர்ச்சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டில் இதன் விளைவு விரைவில் தெரிந்துவிடும். முற்காலத்தில் மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டியெடுத்த இடங்களில் வெயில் பட்டு மண் உலர்ந்து சுருங்கி, நிலம் தாம்பாளம் போலக் குழிந்துவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறும் கடல்நீர் அங்கே வடிய வழியின்றித் தேங்கி, கோடையில் வற்றி, உப்பை மட்டும் விட்டுச் செல்கிறது. ஐப்பசியில் நானும் உடனிருந்து விதை ஊன்றிய ஒரு திட்டைச் சித்திரையில் போய்ப் பார்த்தபோது, அடையாளக் குச்சிகளைச் சுற்றி உப்பு வெள்ளை வளையமாகப் பூத்திருந்தது; கன்று ஒன்றுகூட இல்லை. வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கையாண்ட முறையில் முதலில் வெட்டப்படுவது வாய்க்கால். ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்காலும், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களுமாக மீன்முள் வடிவில் அமைத்தால், ஓதம் ஏறி இறங்கும்போது உப்பு கழுவிப் போகும். விதையைக் கரைச்சரிவில், நீர் தொட்டுத் திரும்பும் மட்டத்தில் ஊன்ற வேண்டும். வண்டல் சேர்ந்த வாய்க்காலை மறுபடி தூர்வாராமல் விடுவது அடுத்த தவறு.

மரமில்லாத இடமெல்லாம் வெற்றிடம் என்று எண்ணுவதும் கூடாது. பூநாரைகள் இரை தேடும் சேற்றுவெளியிலும் வெளிமான் மேயும் புல்வெளியிலும் மரம் நட்டால், அங்கே உள்ள புல்லும் கோரையும் உமரிச் செடியும் இடமிழக்கும்.

சீமைக் கருவேலத்தை அடியோடு தோண்டாமல் வெட்டினால், ஒரு மரம் நின்ற இடத்தில் பல கிளைகளோடு புதர் எழும். மாடுகளும் மட்டக்குதிரைகளும் தின்ற காய்களின் விதைகள் சாணத்தோடு பரவுவதால், அகற்றிய நிலத்தில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முளைகளைப் பிடுங்கவும் ஆள் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வீழ்த்தியதைப் போன்ற மரங்களை எந்திரம் கொண்டு துப்புரவாக வாரி எடுப்பதும் கேடுதான்: சாய்ந்த அடிமரத்தில் துளிர்ப்பதும் அழியும், கிளறிய மண்ணில் சீமைக் கருவேலம் முந்திக்கொள்ளும்.

காவிரிப் படுகை விவசாயிகளான நமக்குக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். கடைமடை தாண்டிய நீரை ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்கிறோம். உப்பைத் தணித்து வண்டலைச் சேர்ப்பது அந்த நீர்தான். கொள்ளிடமும் வெள்ளாறும் அருகிலிருக்கும் பிச்சாவரத்தில் சுரபுன்னை மரமும் தில்லை மரமும் கலந்து நிற்க, முத்துப்பேட்டையில் உப்பை மிகுதியாகத் தாங்கும் அலையாத்தி என்ற ஒரே மர வகையே ஏறக்குறைய முழுக்காடும். அங்கே கலக்கும் பாமணியாறும் கோரையாறும் நன்னீரைக் கொண்டுவருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின்போது மட்டுமே.