கரையோரப் பறவைகளைப் படமெடுத்தல்: வெள்ளைக் கொக்கு வெளிறிப்போகாமல் இருக்க

கேமராவின் பொத்தான்கள் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு, சனி, ஞாயிறு இரண்டு நாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

படி 1. தங்குமிடத்தை முடிவு செய்வதற்கு முன்பே ஓத அட்டவணையைப் பாருங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு. அவை தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றத்தின்போது உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சேற்றுப்பரப்பின் மறுகோடியில் வெறும் புள்ளிகளாகத் தெரியும். நீர் ஏற ஏற, அதுவே அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், வெயில் முதுகில் படும்படி அமர்ந்துவிட்டால், பறவைகளை நோக்கி நடக்க வேண்டிய தேவையே இருக்காது. ஏற்றம் நண்பகலில் வரும் வார இறுதியை நான் தவிர்த்துவிடுவேன். சூடான மணலிலிருந்து எழும் கானல், எவ்வளவு விலையுள்ள லென்சையும் மங்கலாக்கிவிடும்.

படி 2. தொலைநோக்கி 8×42 (8 மடங்கு பெரிதாக்குவது) போதும்; 10 மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். லென்ஸ் 100-400 ஜூம். முக்காலியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்: ஈர மணலில் புதையும், உப்பு அதன் மூட்டுகளை அரிக்கும், பறவையின் கண்மட்டத்துக்குத் தாழவும் தாழாது. தரையில் கிடந்து, முழங்கைகளை ஊன்றி எடுப்பதே எனக்குப் பிடித்த முறை.

படி 3. என் முதல் பயணத்தைப் பாழாக்கியது இதுதான். வெள்ளைப் பொருளுக்கு எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) கூட்ட வேண்டும் என்று எங்கோ படித்ததை நம்பி, கருஞ்சேற்றில் நின்ற சின்னக் கொக்குக்கு +1 வைத்தேன். மஞ்சள் விரல்களால் சேற்றைக் கலக்கி அது மீன் பிடித்ததெல்லாம் படத்தில் இருந்தது. உடல் மட்டும் இறகுக்கோடு ஒன்றுகூட இல்லாத வெள்ளைத் தாளாக இருந்தது. வெள்ளை நிறம் படச்சட்டத்தை நிறைத்தால்தான் அந்த விதி செல்லும். பறவை சிறிதாகவும் பின்னணி கறுப்பாகவும் இருந்தால், கேமரா சேற்றை நடுச்சாம்பலாக்க முயன்று தானாகவே ஒளியைக் கூட்டிவிடுகிறது. அங்கே குறைக்கத்தான் வேண்டும். அதே கொக்கு வெளிர்வானத்தில் எழுந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இந்தக் குழப்பத்திலிருந்து தப்ப, கேமராவின் 'எம்' (M) முறைக்கு, அதாவது துளையையும் (எஃப் எண்) ஷட்டரையும் நீங்களே வைக்கும் முறைக்கு மாறுங்கள். பின்னணி எதுவானாலும் கொக்கின் மேல் விழும் வெயில் ஒன்றுதான். எஃப் 8, ஐஎஸ்ஓ 400, 1/1600 நொடியில் தொடங்கி ஒரு படம் எடுத்து, வெளிறிப்போன இடங்களைச் சிமிட்டிக் காட்டும் அதிவெளிச்ச எச்சரிக்கையை இயக்கிப் பாருங்கள். கொக்கின் முதுகு சிமிட்டினால், சிமிட்டல் நிற்கும் வரை ஷட்டரை விரைவாக்குங்கள். நல்ல வெயிலில் 1/3200 வரைகூடப் போகும். அதன்பின் மேகம் மறைக்கும் வரையோ வெயிலின் வலு மாறும் வரையோ எதையும் தொடாதீர்கள். கறுப்பான நீர்க்காகம் வந்தால் மட்டும் ஒரு நிறுத்தம் (ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்காக) கூட்டுங்கள்.

படி 4. மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால், அதுவே எல்லை; நெருங்காதீர்கள். உப்புக்கொத்தியும் ஆலாவும் வெறும் மணலில் முட்டையிடுபவை, முட்டையும் மணல் நிறமே. ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் உங்கள் முன் தத்தினால், முட்டையிடமிருந்து உங்களை விலக்கப் பார்க்கிறது; படமெடுக்காமல் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

படி 5. திரும்பியதும் ஊதியால் மணலை அகற்றிய பிறகே, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவைத் துடையுங்கள். உலர்துணி மணலைக் கண்ணாடியில் தேய்த்துவிடும்.

பின்சேர்க்கை: 'எம்' முறையில் வைத்தும் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஐஎஸ்ஓ தானியங்கியில் இருப்பதே காரணமாக இருக்கும். துளையையும் ஷட்டரையும் நீங்கள் பூட்டினாலும், கேமரா அந்த வழியாகத் தன் கணக்கை மறுபடி நுழைத்துவிடும். ஐஎஸ்ஓவையும் எண்ணாக வைத்துவிட்டு, படி 3-ஐ மீண்டும் செய்துபாருங்கள்.