ஸ்டாரை எண்ணுவதற்கு முதல் பொம்மையைப் பாருங்கள்

கல்லடியில் டிங்கரிங் வேலை செய்கிறேன். பக்கத்தில் அடிபட்டு வரும் கதவுகளைக் கழற்றுவதுதான் பாதி வேலை. "அண்ணன், இது ஐந்து ஸ்டார் வாகனம்தானே, வாங்கலாமா?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: பக்கவாட்டு மோதல் சோதனையில் எந்தப் பொம்மையை இருத்தினார்கள்? ஸ்டார் என்பது வாகனத்தை மோதவிட்டுப் பார்த்துக் கொடுக்கும் பாதுகாப்பு மதிப்பு. பொம்மை என்பது அப்போது ஆளுக்குப் பதிலாக சீட்டில் இருத்தும், அடியை அளக்கும் மனித உருவம்.

முன்னால் மோதினால் நசுங்குவதற்கு பொனட் இருக்கிறது. பக்கத்தில் உங்களுக்கும் எதிரே வருபவனுக்கும் நடுவே ஒரு கதவுதான். அது உள்ளே வரும்போது விலா எவ்வளவு அமுங்குகிறது என்பதை எல்லாப் பொம்மையும் ஒரே மாதிரிச் சொல்லாது.

மோதல் சோதனை அறிக்கையில் பொம்மையின் பெயரைத் தேடுங்கள். பழைய அமெரிக்க எஸ்.ஐ.டி. பொம்மைக்குக் கையே இல்லை, கையின் பாரத்தை மார்பிலேயே சேர்த்துவிட்டார்கள். ஈ.எஸ்-2 பொம்மைக்கு முழங்கை வரைக்கும்தான் கை. அதன் விலா நேர்ப் பக்கமாக அமுங்குவதைத்தான் அளக்கும், அடி சரிவாக வந்தால் குறைத்துக் காட்டிவிடும். வேர்ல்ட்-எஸ்.ஐ.டி. இவற்றைவிட எவ்வளவோ மேல். மனித உடம்போடு ஒத்துப்போவதை 10 புள்ளிக்கு மதிப்பிடும் ஐ.எஸ்.ஓ. (சர்வதேச தர அமைப்பு) அளவில் அது 8ஐ ஒட்டி நிற்கிறது, ஈ.எஸ்-2 ஐந்தைக்கூட எட்டவில்லை. ஐரோப்பாவில் வாகனங்களை மோதவிட்டு ஸ்டார் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2015இல்தான் வேர்ல்ட்-எஸ்.ஐ.டி.க்கு மாறியது. அதற்கு முந்திய ஸ்டாரைக் கொஞ்சம் குறைத்தே மதியுங்கள்.

எதால் இடித்தார்கள் என்பதையும் பாருங்கள். யூரோ என்கேப் 2020 முதல் நிற்கும் காரின் பக்கத்தில் 1400 கிலோ தடுப்பு வண்டியை (எதிரே வரும் காருக்குப் பதிலாக இடிக்கும் வண்டி) 60 கி.மீ. வேகத்தில் விடுகிறது. தூண் சோதனையில் கார் 32 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டாகப் போய் 254 மி.மீ. தடிப்பான தூணில் மோதும். காத்தான்குடி வீதி நடுவில் நிற்கும் பேரீச்ச மரங்கள் அதைவிடப் பருமன். ஆகவே தூண் சோதனையின் முடிவைத் தவறவிடாதீர்கள்.

சரி, இனி உங்கள் உடம்பு. வேர்ல்ட்-எஸ்.ஐ.டி. என்பது சராசரி ஆண், கிட்டத்தட்ட 75 கிலோ. வீட்டில் ஓட்டுவது ஐந்தடிப் பெண் என்றால் எஸ்.ஐ.டி.-டூ.எஸ். என்ற சின்னப் பொம்மையை இருத்திய ஐ.ஐ.எச்.எஸ். (அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு) முடிவைத் தேடுங்கள். பிறகு அவரையே வாகனத்தில் இருத்தி, வழக்கமாக ஓட்டும் இடத்துக்கு சீட்டை இழுத்து, பெல்ட்டைப் போடச் சொல்லுங்கள். கதவின் கை வைக்கும் பகுதி உடம்பில் எந்த இடத்துக்கு நேராக வருகிறது? இடுப்பெலும்புக்கு என்றால் நல்லது. வயிற்றுக்கோ கடைசி விலாவுக்கோ என்றால் கதவு அங்கேதான் குத்தும். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் அந்த விலாவுக்குப் பின்னால் இருப்பது ஈரல். பொம்மை வயிற்றில் விழும் விசையையோ அமுக்கத்தையோ அளக்கும், ஆனால் அதற்கு இரத்தம் கசியாது. பக்கவாட்டு மோதலுக்கான ஐ.நா.வின் 95ஆம் ஒழுங்குவிதி விலா 42 மி.மீ. வரை அமுங்கலாம் என்கிறது. அதே அமுக்கம் எழுபது வயது அம்மாவின் விலாவை எத்தனை இடத்தில் முறிக்கும் என்று யோசியுங்கள். அடி வருவதைக் கண்டு உடம்பை இறுக்கிக்கொள்ளவும் பொம்மைக்குத் தெரியாது.

கடைசியாக, சோதனைக்குப் போனது புது வாகனம். நீங்கள் பார்ப்பது பழையது. கதவைத் திறந்து நடுத் தூணில் (முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே உள்ள தூண்) ஓடும் ரப்பர் பீடிங்கை ஒரு சாண் இழுத்துப் பாருங்கள். கம்பெனி ஸ்பொட் வெல்டிங் சின்ன வட்டக் குழிகளாக வரிசையாகத் தெரிய வேண்டும். குழிகள் நின்றுபோய் பள்ளத்தை நிரப்பும் பட்டி தேய்த்த வழவழப்பு தெரிந்தால் அந்த இடம் வெட்டி ஒட்டியது. அதற்குள் என்ன தகடு போட்டார்கள் என்று எனக்கே வெளியிலிருந்து சொல்ல முடியாது. சீட் பக்கத்தில் எயார்பேக் லேபல் இருந்தும் மேலே முழு ரெக்சின் உறை தைத்திருந்தால், அந்த உறையைக் கழற்றாமல் ஓட வேண்டாம். பை விரியும் வழியையே அது அடைத்துவிடும். நடுத் தூண் ஒட்டுப்போட்டது என்றால் விலையே பேசாமல் எழும்பி வாருங்கள்.