மலையகக் குளிரும் ஹீட் பம்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்ததும் நுவரெலியாவில் புல்லும் தேயிலையும் வெள்ளையாக உறைந்து கிடக்கும் படங்கள் எல்லோர் போனிலும் வந்து விழும். கூடவே, வீட்டுக்கு ஹீட்டர் வாங்கலாமா, ஹீட் பம்ப் என்கிறார்களே அது நல்லதா என்ற கேள்விகளும் வரும். ஐரோப்பிய நாடுகள் வீடுகளைச் சூடாக்கும் கேஸ் பொய்லர்களைக் கைவிட்டு ஹீட் பம்புக்கு மாறப் பார்க்கின்றன. அங்கே நடக்கும் வாக்குவாதம் இங்கேயும் எட்டியிருக்கிறது. கருவி நல்ல கருவிதான். ஆனால் அதை வாங்கும்போதும், அதை வைத்து அரசாங்கக் கொள்கை பேசும்போதும் நம் ஊரில் சறுக்கக்கூடிய இடங்கள் சில உண்டு.

ஹீட் பம்பும் ஒருவகை ஹீட்டர்தான் என்று நினைப்பதில் தொடங்குகிறது குழப்பம். சாதாரண ஹீட்டர் மின்சாரத்தை அப்படியே சூடாக்கித் தருகிறது. ஒரு யூனிட் போட்டால் ஒரு யூனிட் சூடு, அவ்வளவுதான். ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. குளிர்சாதனப் பெட்டி உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் வெளியேற்றுகிறதே, அதே வேலையை இது வீட்டுக்கு வெளியே இருக்கும் காற்றிலிருந்து உள்ளே செய்கிறது. வெளியே 7 டிகிரி குளிர் என்றாலும் அந்தக் காற்றில் எடுக்கத்தக்க வெப்பம் இருக்கிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு கிடைக்கிறது.

அடுத்தது கடையில் நடப்பது. ஏசியின் ஓட்டத்தைத் திருப்பி ஓட்டினால் அதுவே அறைக்கு ஹீட் பம்ப். ஆனால் எல்லா ஏசியும் அப்படி ஓடாது. இலங்கையில் விற்கும் ஏசிகளில் பெரும்பாலானவை குளிரூட்ட மட்டுமே செய்யப்பட்டவை. ரிமோட்டில் சூரியன் படம் போட்ட ஒரு நிலை இருக்கும், அதை அழுத்தினால் திரையிலும் சூரியன் தெரியும், ஆனால் இயந்திரத்திலிருந்து சூடு வராது. ஒரே ரிமோட்டைப் பல மொடல்களுக்கும் கொடுப்பதால் வரும் வினை இது. வெளி யூனிட்டுக்குள் வாயுவின் ஓட்டத்தைத் திருப்பிவிடும் வால்வு இருந்தால்தான் அது ஹீட் பம்ப். ரிமோட்டை நம்பாமல் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். குளிரூட்டும் திறனுக்கு ஒன்று, சூடாக்கும் திறனுக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

கடுங்குளிரில் ஹீட் பம்ப் வேலை செய்யாது என்பதும் தவறு. நோர்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் அது ஓடுகிறது. நம்முடைய சிக்கல் வேறு, இங்கே இருப்பது ஈரக்குளிர். காற்று 2, 3 டிகிரியில் நனைந்து நிற்கும்போது வெளி யூனிட்டின் தகடுகளில் பனி படிந்துவிடும். வறண்ட மைனஸ் பத்து டிகிரி உறைகுளிரில்கூட அவ்வளவு படியாது. பனியைக் கரைக்க இயந்திரம் அவ்வப்போது சூடாக்குவதை நிறுத்தி ஓட்டத்தைத் திருப்பும். ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம், அது அதன் இயல்பு. கரையும் நீர் வடிந்தோட வழி வைத்து, தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, காற்றோட்டமான இடத்தில் பொருத்தினால் போதும்.

மேலே சொன்னவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு, கூரையைப் பார்க்காமல் கருவியைப் பார்ப்பது. தோட்டத் தொழிலாளர்கள் வாழும் நம் லயன் வரிசை வீடுகளில் பலவற்றுக்கும், ஏன், தனி வீடுகள் பலவற்றுக்கும் தகரத்துக்குக் கீழே சீலிங் கிடையாது. உறைபனி விழும் இரவுகள் மேகமில்லாத இரவுகள். அப்போது தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உறங்குகிறவர்களின் மூச்சு ஈரமும், கேத்தல் ஆவியும் அதன் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் கம்பளியில் சொட்டும். அப்படிப்பட்ட அறையில் எந்தக் கருவியை வைத்தாலும் சூடு கூரை வழியே போய்விடும். முதல் பணம் சீலிங்குக்கும், அதன் மேல் விரிக்கும் வெப்பத் தடுப்புக்கும், கதவடி இடுக்குக்கும் போகட்டும். அதற்குப் பிறகு வாங்கும் கருவி சின்னதாக இருந்தாலே போதும்.

இதைச் செய்யும்போது உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயத்தை மறந்துவிடக்கூடாது. வீட்டுக்குள் விறகடுப்பு எரிந்தால், புகைபோக்கி இல்லாமல் இடுக்குகளை அடைக்கவே கூடாது. அந்த இடுக்குகள்தான் புகையை வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துப் படுப்பது அதைவிட மோசம். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். குளிருக்குப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு படுக்கும் எந்தத் தாயும் இதைத் தெரியாமல் இருக்கக்கூடாது.

சரி, பில்லுக்கு வருவோம். 2 கிலோவாட் ஹீட்டரை இரவில் 4 மணி நேரம் போட்டால் 8 யூனிட், மாதத்துக்கு 240. ஹீட் பம்ப் என்றால் அதே சூட்டுக்குச் சுமார் 80. மூன்றில் ஒரு பங்கு என்று சந்தோஷப்படலாம். ஆனால் நம் நாட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 யூனிட்டுக்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு கணக்கு, அதைத் தாண்டியவர்களுக்கு வேறு கணக்கு. 50 யூனிட்டில் வாழும் ஒரு தோட்டக் குடும்பம் 80 யூனிட்டைக் கூட்டினால் 130க்குப் போய்விடும். பில் யூனிட்டோடு சேர்ந்து ஏறாது, அதைத் தாண்டிப் பாயும். ‘மூன்று மடங்கு சிக்கனம்’ என்பது ஏற்கெனவே ஹீட்டர் போடும் வீட்டுக்குத்தான் பொருந்தும். இதுவரை எதுவுமே போடாத வீட்டுக்கு அது புதிய செலவு.

அறையைச் சூடாக்குவதையே பேசிக்கொண்டு சுடுதண்ணீரை விட்டுவிடுவது இன்னொரு தவறு. மலையகத்தில் ஹீட் பம்புக்கு மிகப் பொருத்தமான வேலை அதுதான் என்பது என் கருத்து. குளிர் சில மாதங்கள்தான் கடுமை, குளியல் வருடம் முழுக்க. 100 லீற்றர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 50க்குக் கொண்டுவரச் சுமார் 4 யூனிட் சூடு வேண்டும். ஹீட் பம்பில் ஒன்றரை யூனிட் அளவு மின்சாரத்தில் முடியும். ஹோட்டல், ஆஸ்பத்திரி, விடுதி, தோட்டத்துப் பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்) எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அதுவும் பகலில் ஓட்ட வேண்டும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்தேவை குறைந்ததால் கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. மின்சாரம் மிஞ்சும் அந்த நேரத்தில் தாங்கியில் தண்ணீரைச் சூடாக்கி வைத்துவிட்டால், மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரையிலான உச்சநேரத்தில் சுமை கூடாது.

கொள்கை பேசுகிறவர்கள் ஐரோப்பிய விவாதத்தை அப்படியே தூக்கிவருகிறார்கள். ஜெர்மனியில் 2023இல் வெப்பமூட்டல் சட்டம் வந்தபோது கட்டுப்பாடு முதலில் தெரிந்தது, உதவித்தொகை விவரம் தாமதமாகத்தான் தெளிவானது. மக்கள் பயந்துபோய் அவசர அவசரமாகக் கேஸ் பொய்லர் வாங்கினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண் கொடுக்கிறார்கள், ஆனாலும் அங்கே மின்சார யூனிட் கேஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை என்பதால் மாறுவதற்குப் பலர் தயங்குகிறார்கள். உத்தரவுக்கு முன்னால் கட்டணத்தைச் சரிசெய்ய வேண்டும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும். பொய்லரை அகற்றும் வாதம் பொருந்தாது, ஏனென்றால் நம்மிடம் பொய்லர் இல்லை. நம்மிடம் இருப்பது கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியிலிருந்து வெட்டிய கிளைகள், எரியும் அடுப்பு. அதை மரபு எரிபொருள், கார்பன் சமநிலை என்று காகிதத்தில் எழுதிவிட்டுக் கடந்துபோவது, அந்தப் புகையைத் தினமும் மூச்சில் வாங்கும் பெண்களை மறந்துவிடுவதாகும்.

‘நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரிதானே எரிகிறது, ஹீட் பம்பால் என்ன பயன்’ என்று கேட்கிறவர்களுக்கும் பதில் உண்டு. முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால், கார்பன் கணக்கில் ஹீட் பம்ப் கேஸ் பொய்லரை வெல்வது கடினம்தான். ஆனால் நம் மின்சாரத்தில் காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களின் நீரும் இருக்கிறது, சூரியனும் கூடிவருகிறது. சாதாரண ஹீட்டரோடு ஒப்பிட்டால் எந்த மின்சாரத்திலும் ஹீட் பம்ப்தான் மேல். இயந்திரத்துக்குள் சூட்டைச் சுமந்து ஓடும் வாயு கசிவதை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கார்பன் டைஒக்சைட்டுக்குச் சமம். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு, ஆர்-290 மிகச் சொற்பம்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரே இரவில் ஏறியது. அதே ஆண்டு ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. அப்போது தோட்டங்கள் மீண்டும் விறகுக்குப் போனது இயல்புதான். ஆகவே இங்கே கேட்க வேண்டியது பொய்லர் தடையை அல்ல. புதிய தோட்ட வீட்டுத் திட்டங்களின் மதிப்பீட்டிலேயே சீலிங்கையும் புகைபோக்கியையும் சேர்க்கும்படி கேட்க வேண்டும். சுவர் பூசுவதற்கு முன் சுடுதண்ணீருக்கென்று ஒரு தனிக் குழாயும் போட்டுவிட்டால், நாளைக்கு ஹீட் பம்ப் வைக்க வசதி வரும் குடும்பம் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.