வீட்டில் கோழி அறுக்கும்போது வெந்நீரின் பதம்
அறுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். தீனிப்பையும் குடலும் நிறைந்திருந்தால், சுத்தம் செய்யும்போது கிழிந்து கறியில் கழிவு படும்.

ரத்தம் முழுக்க வடிந்து, துடிப்பு அடங்கிய பிறகே வெந்நீரில் முக்க வேண்டும். 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் 45 முதல் 60 விநாடி போதும். காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால்தான் இறகின் அடிவரை சூடு இறங்கும். இறக்கையின் பெரிய இறகை இழுத்துப் பாருங்கள்: தடையில்லாமல் வந்தால் பதம் சரி. கொதிக்கிற நீரில் முக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. தோல் வெந்து இறகோடு பிய்ந்து வந்துவிடும்.

ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சை நிறப் பித்தப்பையை அழுத்தாமல், கொஞ்சம் ஈரலையும் சேர்த்தே வெட்டி எடுங்கள். உடைந்தால் கறி கசக்கும். சுத்தம் செய்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டு 4 டிகிரிக்குக் குளிரவையுங்கள். ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்துச் சமைத்தால் விறைப்பு விட்டு மெத்தென்றிருக்கும்.