பணம் தருபவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர்: சமூகத் தொழில்முனைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண வியாபாரத்தில் சரக்கு சரியில்லையென்றால் வாங்கியவர் அடுத்த முறை வரமாட்டார். தவறு எங்கே என்று சீக்கிரமே தெரிந்துவிடும். சமூகப் பிரச்சினைக்குத் தீர்வு காணத் தொழில் தொடங்கும் சமூகத் தொழில்முனைவில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நன்கொடையாளரோ முதலீட்டாளரோ ஒரு நாட்டில் இருப்பார், பொருளைப் பயன்படுத்துபவர் வேறெங்கோ ஒரு கிராமத்தில் இருப்பார். பொருள் மூலையில் தூசி படிந்து கிடந்தாலும் பணம் வந்துகொண்டே இருக்கும். இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் பலவற்றுக்கும் வேர் இந்த இடைவெளிதான்.

தென்னாப்பிரிக்காவில் உருவான 'பிளே பம்ப்' கதையைப் பாருங்கள். சிறுவர்கள் ஏறிச் சுற்றி விளையாடும் ராட்டினம் அது. சுற்றச் சுற்ற நிலத்தடி நீர் மேலேறித் தொட்டியில் நிறையும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரப் பலகைகள், அந்த வருமானத்தில் பராமரிப்பு. கேட்டதும் யாருக்கும் பிடித்துப்போகிற யோசனை. 2000-இல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006-இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் நிதி அறிவிக்கப்பட்டது. 2010-க்குள் 4,000 பம்புகள், 1 கோடி பேருக்குக் குடிநீர் என்பது இலக்கு.

அதாவது ஒரு பம்புக்கு 2,500 பேர். இத்தனை பேருக்கும் போதிய தண்ணீர் இறைக்கக் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-இல் 'கார்டியன்' நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. ஒரு தாளும் பேனாவும் போதும் அந்தக் கணக்குக்கு. இவ்வளவு பணம் கைமாறுவதற்கு முன் அதை யாரும் ஊன்றிப் பார்த்ததாகத் தெரியவில்லை. குழந்தைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் பெண்களே ராட்டினத்தைத் தள்ள வேண்டியிருந்தது. சாதாரண அடிபம்பைவிட அது சிரமம். வாங்கும் வசதியில்லாத கிராமத்தில் விளம்பரம் செய்ய எந்த நிறுவனம் வரும்? பழுதானால் உள்ளூர் ஆளால் சரிசெய்ய முடியவில்லை. இதில் எனக்கு மிகவும் வேதனை தருவது, சில ஊர்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்ததுதான்.

ஆகவே தீர்வை வடிவமைக்கும் முன், இப்போது அந்த வேலையை யார், எப்படிச் செய்கிறார் என்று கூடவே இருந்து பார்க்க வேண்டும். 'இது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' என்று கேட்டுப் பயனில்லை. வீடு தேடி வந்தவரிடம் யாரும் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டார்கள். 'உங்கள் பழைய பம்பை எடுத்துக்கொண்டு இதைத் தரட்டுமா?' என்று கேட்டால் உண்மையான பதில் வரும்.

அடுத்த தவறு, கொடுத்ததை எண்ணுவது. பெரு நாடு 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கி விநியோகித்தது. ஆண்டறிக்கையில் போட அருமையான எண். ஆனால் அங்கே நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வந்தபோது, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மாணவர்களின் மதிப்பெண் உயரவில்லை என்று தெரிந்தது. ஒடிசாவில் புகை குறைந்த அடுப்புகளுக்கும் இதே கதிதான். ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்த அடுப்பு அது. வீடுகளில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, முதல் ஆண்டில் சுவாசிக்கும் புகை குறைந்தது, அப்புறம் அந்தப் பலன் மறைந்துவிட்டது. மக்கள் அடுப்பைத் தொடர்ந்து பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவும் இல்லை. ஆக, விநியோகித்த எண்ணிக்கையோடு, இரண்டு ஆண்டுகள் கழித்தும் பயன்பாட்டில் இருப்பது எத்தனை என்பதையும் அறிக்கையில் போடுங்கள். முதல் வரியிலேயே போடுங்கள்.

விலை விஷயத்தில் இரண்டு பக்கமும் பிடிவாதம் உண்டு. 'இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது' என்பது ஒரு கட்சி. கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுத்து இதைச் சோதித்தார்கள். விலையைப் பூஜ்யத்திலிருந்து 60 சென்ட் ஆக்கியதும் வாங்குவோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள், காசு கொடுத்தவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்தவும் இல்லை. ஒருவர் வலை போட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் மலேரியா குறைகிறது என்பதால், இலவசமே அங்கு நியாயமான விலை.

மறுபக்கம், 'சந்தை தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கை. ஏழைகளுக்குச் சிறு தொகை கடன் கொடுக்கும் நுண்கடன் அப்படித்தான் தடம் மாறியது. வங்கதேசத்தில் முகம்மது யூனுஸ் 1976-இல் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி 2006-இல் நோபல் பரிசு வரை போனது. அந்த முன்மாதிரியைப் பார்த்து வந்த லாப நோக்க நிறுவனங்கள் ஆந்திராவில் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. ஒரே குடும்பத்தின் தலையில் பல நிறுவனங்களின் கடன் ஏறியது. வசூல் நெருக்கடியோடு தற்கொலைகளைத் தொடர்புபடுத்திச் செய்திகள் வந்தன. இந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்த 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நுண்கடன் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு நாடுகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வுகள், அது ஓரளவு உதவுகிறது, ஆனால் வறுமையை ஒழித்துவிடுவதில்லை என்றுதான் காட்டின. ஓரளவு உதவும் ஒன்றை அருமருந்தாக விற்று, வளர்ச்சி வேகத்தை மட்டும் இலக்காக வைத்ததுதான் பிழை.

கடைசியாக, நிறுத்தத் தெரியாமை. சரியான நேரத்தில் நிறுத்தியதற்கு நல்ல முன்னுதாரணம் ஒன்று உண்டு. வடக்கு வங்கதேசத்தில் அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில் வெளியூர் வேலைக்குப் போகச் சிறு பயணத் தொகை கொடுக்கும் திட்டம், 2008-இல் நடந்த சோதனையில் நல்ல பலன் தந்தது. 'எவிடன்ஸ் ஆக்ஷன்' அமைப்பு அதைப் பெரிதாக்கி, 2017-இல் மறுபடியும் அளந்தது. இந்த முறை எதிர்பார்த்த பலன் இல்லை. அமைப்பே முடிவை வெளியிட்டு, 2019-இல் திட்டத்தை மூடியது. சிறிய அளவில் பலித்தது பெரிய அளவிலும் பலிக்கும் என்று அவர்கள் நம்பி உட்காரவில்லை. விரிவாக்கும்போதே அளக்கவும் பணம் ஒதுக்கியிருந்தார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் நிதி ஒப்பந்தத்திலேயே இரண்டு வரிகள் சேர்த்துவிடலாம்: எந்த எண்ணுக்குக் கீழே போனால் திட்டத்தை நிறுத்துவோம், அந்த எண்ணை எங்களைத் தவிர வேறு யார் அளப்பார்கள். பணம் கையில் வருவதற்கு முன்பே இதை எழுதி வாங்குவது சுலபம். வேலைக்கு ஆள் எடுத்து, பெயரும் பரவிய பிறகு எழுதுவது மிகவும் கடினம்.